திரும்பிப் போன மணியார்டர்

போன மாதம் நம் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில், வடையும் காபியும் முடிந்த பிறகு பேச்சு வழக்கம்போல அரசியலுக்குத் தாவியது. மாதாமாதம் ஏழைப் பெண்களுக்குப் பணம் கொடுப்பதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. "சும்மா காசைக் கொடுத்துக் கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்றார் நமக்குள் மூத்தவர் ஒருவர். நாலைந்து தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடின. பென்ஷன் ஒரு நாள் தள்ளிப்போனால் பேங்க் மானேஜரை உண்டு இல்லை என்று ஆக்குகிற தலைகள்தான் அவை. நான் வாயைத் திறக்கவில்லை. டீச்சருக்கு இதில் கருத்து இல்லை போலிருக்கிறது என்று யாரோ கேலிகூடச் செய்தார்கள். கருத்து இல்லாமல் இல்லை. எழுந்து நின்று சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்று பயம். அதனால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வலங்கைமானிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்தால் எங்கள் ஊர் வரும். ஊர் தாண்டி, வயல் தாண்டி, தெற்கே எங்கள் தெரு. தெருவில் யாருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. எல்லோரும் ஒரே பண்ணையில்தான் வேலை பார்த்தார்கள். கூலி நெல்லாகக் கிடைக்கும். களத்தில் மரக்காலால் அளந்து போடுவார்கள். சட்டைக்குத் துணி வேண்டுமென்றாலும் நெல்லைத்தான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ரூபாய் நோட்டை நான் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நடவும் களையும் முடிந்திருக்கும், அறுப்பு வந்திருக்காது. வேலையும் இல்லாத, நெல்லும் இல்லாத அந்த மழை நாட்களில் பண்ணை வீட்டு வாசலில் போய் நின்று கடனாக நெல் கேட்க வேண்டும். உடனே தர மாட்டார்கள். முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு அம்மா அரைநாள் நின்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அப்பா அதற்கு முந்தின வருஷம் தண்ணீர் திருப்பப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்துபோனார். அண்ணனுக்கு இருபது வயது. எனக்குக் கீழே நாலு வயதில் ஒரு தங்கச்சி. அண்ணன் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்திருந்தான். தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு கிடக்கும். அப்பா காலம் வரை எல்லோரும் பண்ணைக்காரரை 'ஆண்டே' என்று கூப்பிடுவார்கள். அண்ணன் "சார்" என்று கூப்பிட்டான். அதற்கே தெரு இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தது.

அந்தத் தை மாதம் கூலியில் அரை மரக்கால் கூட்டித் தரச் சொல்லி அறுப்பை நிறுத்தினார்கள். பண்ணை வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கியது. அண்ணனும் இன்னும் சில பேரும் முற்றின கதிருக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள். போலீஸ் வந்து இழுத்துக்கொண்டு போனது. திரும்பி வந்தபோது அண்ணனுக்கு இடது காது மந்தமாகியிருந்தது. கடைசியில் பேச்சுவார்த்தை நடந்தது, எல்லோருக்கும் கூலி கூடியது. எங்கள் வீட்டுக்கு மட்டும் வேலை இல்லை என்று பண்ணையில் சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு மட்டுமில்லை, அம்மாவுக்கும். நாலு ஊர் தள்ளிப் போய்க் கேட்டாலும் அண்ணன் முகத்தைப் பார்த்ததும் கையை விரித்தார்கள்.

"ஊருக்கெல்லாம் அரை மரக்கால் வாங்கிக் குடுத்தான், என் உலையில மண்ணை அள்ளிப் போட்டான்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவனைப் பார்த்துச் சொல்ல மாட்டாள். அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். அறுத்த வயலில் எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த நெல்லை எடுத்தோம். வாய்க்காலில் நத்தை பொறுக்கினோம். நத்தை வேகும்போது வருகிற அந்தச் சேற்று வாசனை எனக்குப் பிடிக்கும். இப்போது சொன்னால் என் மருமகள் மூக்கைப் பொத்துவாள்.

விதவைகளுக்கு அரசாங்கம் மாதம் இருபது ரூபாய் தருகிறது என்று சொன்னவர் கிராமக் கணக்குப்பிள்ளை. அவர் பண்ணைக்கு வேண்டியவர்தான், ஆனால் கெட்டவர் இல்லை. "ஆதரவு இல்லாதவங்களுக்குத்தான் கிடைக்கும். உனக்கு வயசு வந்த புள்ளை இருக்கானே" என்றார். அவரே யோசித்து, "இருக்கான், ஆனா உன்னைக் கைவிட்டுட்டான்னா எழுதலாம். நான் எழுதறேன். ஆபீசர் வந்து கேக்கறப்ப நீ உன் வாயால சொல்லணும். அவன் வீட்டுல இருக்கக் கூடாது" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்தான். "சொல்லிட்டுப் போம்மா. சொன்னா என்ன, ஒட்டிக்கிட்டா இருக்கப் போவுது?" என்றான். அவனே முன்னால் நின்று ஏற்பாடு செய்தான். தன் வேட்டி, சட்டை எல்லாவற்றையும் சுருட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்தான். ஆபீசர் வருகிற நாளில் கொல்லைப்புறத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வது என்று முடிவாயிற்று. தங்கச்சி எந்நேரமும் "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே திரிவாள். அதனால் அவளை மடியில் வைத்துக்கொண்டு நானும் அவனோடு உட்கார வேண்டியது.

பங்குனி வெயில். ஆபீசர் சைக்கிளில் வந்தார். யாரோ கயிற்றுக் கட்டில் போட்டார்கள். அவர் உட்கார்ந்ததும் கட்டில் முனகியது, அண்ணன் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான். தட்டியின் ஓலை இடுக்கு வழியாக அம்மாவின் முதுகு தெரிந்தது.

"மகன் இருக்கானாமே?"

"இருக்கான்ங்க. இல்லாத மாதிரிதான்ங்க."

"எங்க இருக்கான்? என்ன பண்றான்?"

"எங்க சுத்துறானோ, யாரு கண்டா. தலைமுழுகிட்டேன்ங்க." அம்மா நன்றாகத்தான் நடித்தாள். அண்ணன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினான். "கூத்துல நடிக்கப் போயிருக்கலாம் அம்மா" என்று என் காதில் சொன்னான்.

ஆபீசருக்கு அது போதவில்லையோ என்னவோ, "பெத்த தாயைப் பார்க்காம ஒருத்தன் இருப்பானா?" என்றார்.

அம்மாவின் குரல் மாறியது. "இருக்கானே. பார்த்தீங்களா இந்தப் புள்ளைங்க எலும்பை? கொடி புடிச்சுக்கிட்டுப் போனான். ஊரு வாயில சோறு வெச்சான், எங்க வாயில? ஒருத்தன் கூப்பிட மாட்டேங்கறான் என்னை வேலைக்கு, இவனைப் பெத்த பாவத்துக்கு. அவங்கப்பன் செத்த அன்னைக்கு அவருக்குப் பதிலா இவன் போயிருக்கலாம். அந்த மனுஷனாவது எங்களுக்குக் கஞ்சி ஊத்தியிருப்பாரு."

அண்ணன் வாயிலிருந்து துண்டை எடுத்தான். அவன் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவன் அழவில்லை. வேறு யாரோ ஒரு வீட்டில் நடக்கிற பேச்சைக் கேட்கிறவன்போல உட்கார்ந்திருந்தான். இத்தனை வயதுக்குப் பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். அம்மா பொய் சொல்லவும் இல்லை, நிஜம் சொல்லவும் இல்லை. பசியில் மனசுக்குள் எழுந்து எழுந்து அடங்கிக் கிடந்த ஒன்றைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னால் சோறு கிடைக்கும் என்றார்கள். எந்தத் தாயும் நினைத்து மறந்துவிடுகிற வார்த்தை அது. ஊர் கேட்கச் சொல்லிவிட்டால் மறக்க வழியில்லை.

ஆபீசர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அம்மா கொல்லைக்கு வந்து, "வெயில்ல உக்காந்திருந்தியா தம்பி, தண்ணி குடி" என்று செம்பை நீட்டினாள். அண்ணன் வாங்கிக் குடித்தான். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

வைகாசியில் முதல் பணம் வந்தது. தபால்காரர் அதுவரை எங்கள் தெருவுக்குள் வந்ததே இல்லை. அன்று எங்கள் வாசலில் நின்று அம்மாவின் பெயரை முழுசாக வாசித்தார். இன்னார் பெண்டாட்டி என்றும், இன்னார் மருமகள் என்றும், "இந்தா புள்ளே" என்றும் மட்டுமே கேட்டிருந்த எனக்கு அது யார் பெயரென்றே புரியவில்லை. அம்மா கைநாட்டு வைத்தாள். கட்டைவிரலில் ஒட்டிய மையை அன்று முழுக்கக் கழுவவில்லை. நோட்டை முகர்ந்து பார்க்க எங்களுக்குக் கொடுத்தாள். தங்கச்சி நாக்கால் தொட்டுப் பார்த்தாள், அம்மா அடிக்கவில்லை.

கடைத்தெருவில் உப்பு, அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் விற்கிற பாய் ஒருவர் இருந்தார். மாதாமாதம் பணம் வரும் என்று தெரிந்ததும், "இனிமே உனக்குக் கடன் கிடையாதுன்னு சொல்ல மாட்டேன் தங்கச்சி" என்று அவரே அம்மாவிடம் சொன்னார். அரிசி, நெத்திலிக் கருவாடு, எனக்கு ஒரு சிலேட்டு. கருவாடு சுடுகிற வாசனை அன்று எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து போனது. அண்ணன் சாப்பிட்டான். இரண்டாவது தடவை கேட்டு வாங்கியும் சாப்பிட்டான். விடிந்து பார்த்தால் அவன் இல்லை. சிவப்புத் துண்டைத் துணிக்கொடியில் விட்டுவிட்டுப் போயிருந்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பணம் எங்களைச் சோம்பேறி ஆக்கவில்லை. அம்மா அதை வைத்துக்கொண்டு இரண்டு பெட்டைக்கோழி வாங்கினாள், கீற்று முடைந்து விற்றாள். பண்ணை வாசலுக்குப் போகவில்லை. போகத் தேவையில்லை என்று ஆனதும் அவள் நடையே மாறிவிட்டது. வழியில் பண்ணைக் காரியக்காரரைப் பார்த்தால் ஒதுங்கி நிற்பாள், ஆனால் கும்பிடுவது நின்றுபோனது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு மாடு மேய்க்கப் போகாததும், பிற்பாடு டீச்சர் ஆனதும், உங்களோடு வடை சாப்பிட்டதும் அந்த இருபது ரூபாயால்தான். தெருவில் சில பேர், "புள்ளையை வித்துத் திங்கிறா" என்று எங்கள் காதில் விழும்படி பேசினார்கள். அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த அரை மரக்காலை வாங்கிக் கொடுத்தவனும் அதே பிள்ளைதான். மனுஷர்களுக்கு ஞாபகசக்தி தேவைக்கு ஏற்பத்தான்.

அண்ணன் வேதாரண்யத்தில் உப்பளத்தில் இருக்கிறான் என்று ஆடி மாதம் தெரிந்தது. பாய் கடைக்கு உப்பு ஏற்றி வருகிற லாரிக்காரர் பார்த்தாராம். கறுத்துப்போய், கால் முழுக்க வெடிப்பாக இருக்கிறானாம். அம்மா கேட்டுக்கொண்டாள். அன்று சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டாள், நாங்களும் கேட்கவில்லை.

ஐப்பசி பிறந்து தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு நாள், தபால்காரர் குடையை மடக்கிவிட்டு, "ஏம்மா, இன்னைக்கு உனக்கு ரெண்டு வந்திருக்கு" என்றார். ஒன்று வழக்கமான பணம். "இன்னொண்ணு பையன் அனுப்பியிருக்கான். பதினஞ்சு ரூபா. கீழே எழுதியிருக்கான், படிக்கட்டா? 'தீபாவளிக்குத் தங்கச்சிகளுக்குப் பாவாடை எடுக்கவும்.' அவ்வளவுதான்."

அம்மா இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். அப்புறம் கையை இழுத்துக்கொண்டாள். "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்குத் தெரியும். போஸ்ட் மாஸ்டருக்குத் தெரியும்."

எங்கள் ஊர்த் தபாலாபீஸ் இருந்ததே பண்ணை வீட்டு வாசல் அறையில்தான். போஸ்ட் மாஸ்டர் பண்ணைக்கு மைத்துனர். மகன் பணம் அனுப்புகிறான் என்று ஒரு வரி மேலே போனால் போதும், மாதப் பணம் நின்றுவிடும். மழைக்காலம் தொடங்கிவிட்டது. மகன் அனுப்பியது ஒரு தடவைப் பணம், அடுத்தது எப்போது வருமோ தெரியாது. அரசாங்கப் பணம் மாதாமாதம் வரும். அது நின்றால் மறுபடி பண்ணை வாசல்தான்.

"திருப்பி அனுப்பிடுங்க" என்றாள்.

தபால்காரர் கெஞ்சாத குறை. "வாங்கிக்கம்மா. வேண்டாம்னா 'வாங்க மறுத்தார்'னு எழுதித்தான் அனுப்பணும். அவன் கைக்கு அப்படியே போய்ச் சேரும்."

"எழுதுங்க. அதுக்கு முன்னாடி நான் ஆளு விட்டுச் சொல்லிக்கறேன்."

இதில்தான் அம்மா தப்புக் கணக்குப் போட்டாள். எங்கள் தெருவில் யாருக்கும் காகிதத்தில் சேதி போனது கிடையாது. நல்லது கெட்டது எல்லாமே ஆள் விட்டுச் சொல்வதுதான். ஆள் நேரில் போய் நின்று சொன்னால்தான் அது சேதி; காகிதம் எல்லாம் ஆபீஸ்காரர்களுக்காக எழுதுவது, அதை யாரும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவள் நம்பினாள். ஆபீசரிடம் சொன்னதையும் அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். கார்டு எழுதித் தருகிறேன் என்று நான் சொன்னேன். அதுவும் அதே வாசல் அறை வழியாகத்தானே போகும் என்றாள். நேராகப் பாய் கடைக்குப் போனாள்.

"லாரிக்காரர்கிட்ட சொல்லிவிடுங்க பாய். பணத்தைத் திருப்பினது கோவத்துல இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க. பணம் வேண்டாம், தீபாவளிக்கு அவன் வரட்டும். ராத்திரி வந்து ராத்திரி போனாலும் சரி, வரட்டும். அன்னைக்கு ஆபீசர்கிட்ட..." அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வரச் சொன்னேன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

பாய் சரி என்றார். அண்ணனுக்காக அம்மா சிவப்புத் துண்டைத் துவைத்து மடித்து வைத்தாள். தீபாவளிக்கு அவன் வரவில்லை. மழை விடாமல் பெய்தது.

கார்த்திகையில் புயல் அடித்தது. எங்கள் தெருவில் பாதிக் கூரை பறந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் அடைத்துவைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். ஈரத் துணி வாசனையும் சாம்பிராணிபோல எரிந்த ஈர விறகின் புகையும் இப்போதும் எனக்குச் சேர்ந்தே ஞாபகம் வரும். கடற்கரைப் பக்கம் எல்லாம் போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு பாய் எங்கள் தெருவுக்கு வந்தார். அதற்கு முன் அவர் வந்ததில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மழைக்கு முன்னால் உப்பை அம்பாரமாகக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடி வைப்பார்களாம். காற்றில் கீற்றுப் பறக்கிறது என்று பிடித்துக் கட்டப் போனவர்களில் அண்ணனும் ஒருவன். கடல் உள்ளே வந்துவிட்டது. "கிடைச்சவங்களை அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க தங்கச்சி. கூட வேலை பார்த்தவன் அடையாளம் சொல்லியிருக்கான். அவனே ஊருக்குப் போற வழியில கடைக்கு வந்து சொன்னான்."

அம்மா அழுவதற்கு முன்னால் ஒன்று கேட்டாள். "நான் சொல்லிவிட்டது அவனுக்குப் போச்சா பாய்?"

பாய் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். "மழை புடிச்சதுக்கு அப்புறம் உப்பு லாரி போகவே இல்லைம்மா" என்றார்.

"பணம்?"

"அது அவன் கைக்குப் போச்சாம்."

புயலில் இறந்தவர்கள் குடும்பத்துக்கு அரசாங்கம் பணம் கொடுப்பதாகச் சொன்னார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனாள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வயசான கிளார்க். அவர் எங்களை உட்காரச் சொன்னார், அம்மா உட்காரவில்லை.

"நிவாரணத்துக்கா வந்தே?"

"அது வேண்டாம்ங்க. என் புள்ளை என்னைக் கைவிட்டுட்டான்னு இங்க எழுதியிருக்குங்க. அதை அடிச்சிடுங்க. அவன் கைவிடலை. பணம் அனுப்பினான். நான்தான் திருப்பிட்டேன்."

அவர் சட்டென்று சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதை இனிமே யார்கிட்டயும் சொல்லாதே. பொய் சொல்லி வாங்கினேன்னு ஆயிடும். வாங்கினதை எல்லாம் திருப்பிக் கட்டச் சொல்லுவாங்க. ரெண்டு பொம்பளைப் புள்ளையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?" பிறகு நிஜமான பரிவோடு சொன்னார்: "எழுதினது எழுதினபடி இருக்கட்டும்மா. இப்பத்தான் உனக்கு நிஜமாவே யாரும் இல்லைன்னு ஆயிடுச்சே. இனிமே யாரும் உன் பணத்தை நிறுத்த முடியாது. பயப்படாம போ."

அவர் நல்ல மனுஷர். அவரை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அந்தத் தாள் எந்த அலமாரியில் மக்கிப்போனதோ, மக்கும்வரை அதில் அண்ணன் எங்களைக் கைவிட்டவனாகத்தான் இருந்திருப்பான். அவன் கைவிடவில்லை. நான் இதை எழுதுவது அதைச் சொல்வதற்காகவும்தான்.

மார்கழியில் தபால்காரர் வந்து அம்மாவின் பெயரை வாசித்தார். அம்மா உள்ளே படுத்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. அவர் மறுபடி வாசித்தார், இந்தத் தடவை மெதுவாக. வீட்டில் அரிசி இல்லை. தங்கச்சி அழுது அழுது ஓய்ந்துபோய் என் மேல் சாய்ந்திருந்தாள். அம்மா எழுந்து வந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் கட்டைவிரலை நீட்டினாள். அவரே அதைப் பிடித்து மையில் ஒற்றி வைத்தார். நான் போய் அரிசி வாங்கி வந்தேன். அம்மா உலை வைத்தாள், வடித்தாள், எங்கள் இரண்டு பேருக்கும் போட்டாள். பிறகு தனக்கும் போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து, தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.